குருசாமி கொண்டுவந்த களி

ஊசி எப்படிப் போடுவது, வடிகுழாயை எப்படிக் கழற்றுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நர்ஸிங் பிள்ளைகள் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். போதாக்குறைக்குக் கையில் போன் வேறு இருக்கிறது, எதைக் கேட்டாலும் சொல்கிறது. நான் சொல்ல வந்தது போன் சொல்லாத விஷயம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ் ஏறிப் போய், ஆபரேஷன் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை, கத்திக் கத்திச் சம்பாதித்தேன்.

"நிணநீர் மண்டலம் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது சிஸ்டர்" என்று உங்களில் ஒரு பெண் சொன்னாள். ரத்தம் என்றால் தெரிகிறது, இதயம் என்றால் துடிக்கிறது, இது என்ன கண்ணுக்கே தெரியாத தண்ணீர் என்றாள். எனக்கும் புத்தகத்தில் படித்தபோது ஏறவில்லை. ஒரு பெண் செத்த பிறகுதான் ஏறியது. அப்படிப் படிக்கிற நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சிரிக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். உட்கார மாட்டேன் என்கிறார், நின்றபடியே நெளிகிறார்.

"ஆம்பள டாக்டரு இல்லையா தாயி?"

"இல்லை. என்ன செய்யுது?"

"தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. அத ஒங்ககிட்ட எப்பிடிக் காட்ட?"

"அதைக் காட்ட வேண்டாம். காலைக் காட்டுங்க."

குதிகாலில் சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் சீழ். முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினேன். "நோவு மேல இருக்கு, இவுக கீழ பாக்குறாக" என்று வெளியே போய் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். நாலைந்து நாளில் நெறி வடிந்து, ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சோடு வந்தார்.

நெறி என்று நம் ஊரில் சொல்வதுதான் உங்கள் புத்தகத்தில் நிணநீர்க் கணு. ரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீர் சதைக்குள் தேங்கிவிடாமல், அதைத் திரும்ப எடுத்துப் போக உடம்பு முழுக்க இன்னொரு வலை ஓடுகிறது. அதற்கென்று இதயம் கிடையாது. நாம் நடந்தால், கையைக் காலை அசைத்தால், மூச்சு விட்டால் அது நகரும். போகிற வழியில் அங்கங்கே கணுக்கள் காவல் நிற்கும். முள்ளோடு வந்த கிருமி அந்த நீரில் ஏறி மேலே போகும்போது தொடை இடுக்கில் இருக்கிற காவல் மறிக்கும், சண்டை போடும், வீங்கும். நெறி கட்டுவது என்பது அதுதான். இது நம் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். காலில் புண் இருந்தால் இடுக்கில் நெறி, தலையில் புண் இருந்தால் கழுத்தில் நெறி.

தெரியாத பாதி ஒன்று உண்டு. அதைத்தான் மாரீஸ்வரி எனக்குக் காட்டினாள்.

நாம் தின்கிற சோறு, கருப்பட்டி எல்லாம் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய்விடும். எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் அந்த வழியில் போகாது. அவை இந்த நிணநீர் வலைக்குள் ஏறும். தெளிவாக ஓடுகிற நீர், எண்ணெய் ஏறியதும் பாலைப் போல வெளுத்துவிடும். முதுகெலும்பை ஒட்டினாற்போல ஒரு குழாய் வயிற்றிலிருந்து நெஞ்சு வழியாக மேலே வந்து, இடது கழுத்தில், காறை எலும்புக்குப் பின்னால் பெரிய ரத்தக் குழாயில் சேர்கிறது. வைக்கோலைவிடப் பருமன் இருக்காது. சுவரோ ஈரக் காகிதம்போல. இடது கழுத்தில் கத்தி வைக்கிற எந்த டாக்டரும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

மாரீஸ்வரிக்கு முப்பது தாண்டியிருக்கும். கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். இடது பக்கத்துக் கணுக்களுக்கும் பரவியிருந்தது. அவள் கணவர் குருசாமி அருப்புக்கோட்டையில் செக்கு வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் அவர் கடை நல்லெண்ணெய் வாங்காத வீடு கிடையாது. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று சொல்லிச் சொல்லியே எண்ணெய் அளப்பார். பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

வார்டில் சேர்த்த அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நம்மூர்க்காரவுகன்னு கேக்குறேன். அவகிட்ட இது கட்டின்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பேர மட்டும் யாரும் சொல்லிப்புடாதீக. கேட்டான்னா, அந்த நிமிசமே மனசு விட்டுப்போயிருவா."

நம் பக்கத்தில் இது வழக்கம்தானே. நோயின் பெயரை வீட்டு ஆம்பளைக்குச் சொல்வோம், நோய்க்காரிக்குச் சொல்ல மாட்டோம். டாக்டர்களும் அவரிடமே பேசினார்கள். இந்த வகைப் புற்றில் பிழைத்து நல்லபடி இருக்கிறவர்கள்தான் அதிகம் என்று அவரிடம்தான் சொன்னார்கள். கட்டியில் பிழைத்தவர்கள் அதிகம் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? நோயின் பெயரைச் சொல்லாதபோது நல்ல சேதியையும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது. இது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் வடிகுழாய், அதன் முனையில் பாட்டில். முதலில் சிவப்பாக வந்து, பிறகு வெளிறிய மஞ்சளாக மாறியது. அதுதான் வர வேண்டிய நிறம். சாப்பாடு ஆரம்பித்ததும் பாட்டிலில் பால் வந்தது. நிஜமாகவே பால்தான், ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அந்தக் குழாயில் எங்கோ கீறல் விழுந்திருக்கிறது. கைதேர்ந்த டாக்டருக்கும் இது நேரும். எண்ணெய், நெய், பால், முட்டையின் மஞ்சள் ஒன்றுமே கூடாது, கஞ்சியும் பழச்சாறும்தான் என்று பெரிய டாக்டர் குருசாமியை நிற்க வைத்துச் சொன்னார். கண்மாய்க் கரை உடைந்தால் தண்ணீர் வரத்தை நிறுத்திவிட்டுத்தான் கரை கட்ட முடியும், அதே கணக்கு. எண்ணெய் வரத்து நின்றால் கீறல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

குருசாமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். டாக்டர் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தெல்லாம் இதுல வழிஞ்சு போகுதே சிஸ்டர். இதுக்கு ஈடு குடுக்க வேணாமா? கஞ்சித் தண்ணியில என்ன இருக்கு?"

"டாக்டர் சொன்னதைக் கேளுங்க அண்ணாச்சி" என்று சத்தம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பால் நீரோடு கொழுப்பு மட்டும் போகவில்லை. நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களும் போகின்றன, உடம்பின் புரதமும் போகிறது. அவள் கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தாள்.

பாட்டில் குறையவில்லை. காலையில் தெளியும், மத்தியானம் மறுபடி வெளுக்கும். டாக்டர்களுக்குப் புரியவில்லை. மறுபடி கழுத்தைத் திறந்து குழாயைக் கட்டலாமா என்று பேச்சு வந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்று ஒருவர், பொறுத்தால் தாங்க மாட்டாள் என்று இன்னொருவர்.

ஒரு நாள் ஷிப்ட் மாறியதால் நான் வழக்கமில்லாத பஸ்ஸில் ஏறினேன். குருசாமி இருந்தார். மடியில் தூக்குவாளி, அதைத் துண்டால் போர்த்திக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தார். காரியாபட்டி தாண்டி ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. மூடி நெகிழ்ந்து வாசம் வந்தது. உளுந்தங்களி. கருப்பட்டியும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிய களி. நம் பக்கத்தில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் அதுதான், பிள்ளை பெற்றால் அதுதான். இடுப்பெலும்பு இரும்பாகும் என்பார்கள். அந்த வாசம் தெரியாத பெண் நம் ஊரில் இருக்க முடியாது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான் சிஸ்டர். காலையில ஒண்ணும் சாப்பிடல."

"அப்பச் சாப்பிடுங்க."

"அங்கிட்டுப் போய்ச் சாப்பிடுறேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸிலேயே பிடித்து உலுக்கியிருப்பேன். எனக்கு வந்த கோபம் அப்படி. ஆனால் கோபத்தில் கேட்டால் மனிதன் பொய்தான் சொல்வான். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து மாரீஸ்வரியிடம் போனேன். கதவைச் சாத்த முடியாத வார்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டேன்.

"களி சாப்பிடுறியா நீ?"

அவள் மறைக்கவில்லை. கழுத்துக் கட்டோடு தலையை அசைக்க முடியாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

"அதனாலதான் பாட்டில் வெளுக்குது. தெரியுமா?"

"தெரியும்க்கா. தின்ன கொஞ்ச நேரத்துல வெளுக்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"தெரிஞ்சுமா தின்ன?"

"ரெண்டு வாய் உள்ள போனா அவுக மொகம் தெளியுது. அதுக்கப்பறந்தான் அவுகளும் ஒரு இட்லி திங்கிறாக." கழுத்துக் கட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது புத்துநோய்தானக்கா? பேர மறச்சா எனக்குத் தெரியாதா? எங்க அத்தைக்கும் வந்துச்சு. எப்பிடியும் போறவ. எதுக்கு அந்த மனுசன் குடுக்கிறத வேணாம்னு சொல்லணும்?"

என் கையில் ஊசி மருந்துத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன். உத்தரவு கேட்க நேரமில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். ஆமாம், புற்றுநோய்தான். ஆனால் உன் அத்தைக்கு வந்தது வேறு, இது வேறு. இந்த வகை வந்து பிழைத்து, வெளியே வேலை வெட்டி பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உன்னைக் கொல்ல வந்தது நோய் இல்லை, இந்தப் பாட்டில்தான் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் பொழைப்பேனாக்கா?"

"பிழைப்ப. களியை நிறுத்து."

"இத மொதல்லயே யாராச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழ ஆரம்பித்தாள். கழுத்துத் தையல் இழுக்கும் என்று நான் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.

குருசாமி வெளிக் குழாயில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் சேலையைப் பிடித்துவிட்டாள்.

"அவுககிட்டச் சொல்லிறாதீங்கக்கா. ஏங்கையாலயே இப்பிடி ஆச்சேன்னு அந்த மனுசன் ஒடைஞ்சு போயிருவாக. நான் இனிமே திங்க மாட்டேன். சத்தியமா."

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் முதலில் கத்தினார், பிறகு "நின்னுருச்சுல்ல? இனிமே உள்ள போகாமப் பாருங்க" என்றார். குருசாமியிடம் போய், அவளுக்குக் களி வாடையே குமட்டுகிறதாம், வாய் கசக்கிறதாம், இளநீரும் கருப்பட்டித் தண்ணீரும் கேட்கிறாள் என்றேன். மனிதர் அப்படியே நிமிர்ந்தார். "இளநீ கேட்டாளா? அவளா கேட்டாளா?" என்று ஓடினார். அன்றிலிருந்து பை நிறைய இளநீரோடு பஸ் ஏறினார்.

பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குத் துணையாக இருக்கிறவரிடம் "கொடுக்காதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தக் கை சும்மா இருக்காது. எதைக் கொடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளிக்கு உள்ளதை நோயாளியிடமே சொல்லுங்கள். வீட்டார் தடுத்தால் அவர்களை உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வையுங்கள். என்னைப் போல நெருக்கடியில் போட்டு உடைக்கிற நிலைக்கு விடாதீர்கள்.

பாட்டில் தெளிந்தது. நிறம் மாறி, அளவு குறைந்து, ஒரு காலையில் அடியில் கொஞ்சமாக மஞ்சள் நீர் மட்டும் நின்றது. மாரீஸ்வரி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊருக்குப் போனதும் கடையில் வந்து எண்ணெய் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் குளிர் நடுக்கம் வந்தது. காவல் நிற்க வேண்டிய அணுக்களெல்லாம் அத்தனை நாளும் பாட்டிலில் வடிந்து போயிருந்தன. காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. எந்த மருந்தும் பிடிக்கவில்லை. கீறல் மூடிக்கொண்ட கழுத்தோடுதான் அவள் செத்தாள். குருசாமி அன்றைக்கும் இளநீரோடு வந்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். பல சாவைப் பார்த்த கண்தான், ஆனாலும் அந்தப் பையை வாங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை, அறைக்குள் போய் அழுதேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் எண்ணெய் வாங்கப் போனேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன் சிஸ்டர். அடுத்த வாரம் அவளுக்குத் திதி. அந்த வார்டுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொண்டு போறேன். கழுத்து ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்காகளே, அவுகளுக்குத்தான் மொதல்ல. நீங்க கூட வந்து உள்ள ஒரு வார்த்தை சொல்லணும்."

எண்ணெய்ப் பாத்திரத்தை அவரிடம் நீட்டியபடியே கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி களி?"

"அவ கடைசியா எங்கையால ஆசையாத் தின்னது அதான். வாய் கசக்குற வரைக்கும் ஒருநா வேணாம்னு சொல்லல. அத நெனச்சுத்தான் நான் ஒறங்குறேன்."

பேசாமல் எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவள் செத்துப் போய்விட்டாள், அவள் கேட்டது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வார்டில் யாரோ ஒருத்தி இப்போதும் கழுத்தில் குழாயோடு படுத்திருப்பாள். செத்தவளுக்காக அவளைப் பலி கொடுக்க முடியுமா?

"உள்ள இருக்கிறவங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. துணைக்கு வந்தவங்க படிக்கட்டில பசியோட உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்குக் கொடுப்போம்."

"ஏன், உள்ள இருக்கவுகளுக்கு ஆகாதா?"

"ஆகாது. கழுத்தில குழாய் வச்சவங்க சிலருக்கு, எண்ணெய் உள்ள போனா அது அந்தக் குழாய் வழியா வெளிய வந்துரும். புண் மூடாது."

எண்ணெய் அளந்துகொண்டிருந்த கை நின்றது. புனல் வழியாக மிச்சம் சொட்டி முடிகிறவரை அவர் அதையே பார்த்தார். டாக்டர் அன்றைக்கு நிற்க வைத்துச் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"வெள்ளையாவா சிஸ்டர் வரும்?"

"ஆமா."

"அவளுக்குத் தெரியுமா?"

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. தன் கையால் நேர்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. அதை அவரே தெரிந்துகொண்டுவிட்டார். தெரிந்தே தனக்காகத் தின்றாளா என்றுதான் கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பால்ல?"

"சொல்லியிருப்பா."

நோயாளிக்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்று மேலே உங்களுக்கு எழுதியவள்தான் இதையும் சொன்னேன். சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

திதியன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். பெரிய தூக்குவாளி நிறையக் களி. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தொன்னையில் வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். தொன்னையை வாங்கிய ஓர் ஆள் அதைத் தின்னாமல் துண்டால் மூடிக்கொண்டு எழுந்து உள்ளே நடந்தான். முப்பது வயதிருக்கும்.

குருசாமி தூக்குவாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வார்டு வாசலில் போய் அவன் கையைப் பிடித்தார்.

"யாருக்குய்யா கொண்டு போற?"

"எங்க வீட்டம்மா, உள்ள படுத்திருக்காக. ஆசையாத் திம்பாக."

"திம்பா. நீ குடுத்தா எதையும் திம்பா" என்றார் குருசாமி. "அது ஒனக்குய்யா. உள்ள கொண்டு போகாத. டாக்டரக் கேட்டுக்கிட்டு நான் இளநீ வாங்கித் தாரேன், அதக் கொண்டு போய்க் குடு."

அவனைக் கூட்டிவந்து படிக்கட்டில் உட்கார வைத்தார். பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, அவன் தொன்னையை வழித்துத் தின்று முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.